வடிதட்டு வைத்த காய்கறி டப்பா: கோடை அறுவடைக்கு எவ்வளவு உதவுகிறது?

இலைகளுக்கும் பீன்ஸுக்கும் வாங்கலாம். தக்காளிக்கும் வெள்ளரிக்கும் என்றால் வேண்டாம். அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் படத்தை நம்பி முடிவெடுக்கவே வேண்டாம். அந்தப் படத்தில் டப்பா நிறையச் சிவந்த தக்காளி, பக்கத்தில் வெள்ளரிக்காய், மேலே ஒரு கொத்து பேசில் என்ற துளசி வகை. மூன்றுமே ஃப்ரிட்ஜின் குளிர் ஒத்துக்கொள்ளாதவை. டப்பா நல்ல டப்பாதான். அது எதற்கு உதவும் என்று சொல்லியிருப்பதுதான் சரியில்லை.

நான் சொல்வது அடியில் வடிதட்டும் மூடியில் காற்றுத்துளையும் வைத்த காய்கறி டப்பாவைப் பற்றி. மூன்று அளவுகள் சேர்ந்த செட்டாக வாங்கினேன். இதே அமைப்பில் பல பெயர்களில் வருகின்றன. பெயரைவிட அமைப்புதான் முக்கியம் என்பதால் நான் வாங்கியதன் பெயரைச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சின்னதாகக் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். கோடையில் எல்லாம் ஒரே சமயத்தில் காய்க்கும். இன்றைக்குச் சமைக்க வேண்டியதை மட்டும் பறித்தால் போதும் என்று இருக்க முடியாது. பீன்ஸை விட்டால் நாராகிவிடும். வெண்டை ஓரிரு நாளில் முற்றிவிடும். வெள்ளரிக்காயைப் பறிக்காமல் விட்டுப் பழுக்கவைத்தால் கொடி புதிதாகப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் தினமும் பறித்தே ஆக வேண்டும். பறித்ததை வாடாமல் அழுகாமல் வைப்பது கோடை முழுக்க இருக்கும் வேலை. அந்த வேலையில் இந்த டப்பா எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் டப்பா. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறது. பாலிபுரோப்பிலீன் என்று அர்த்தம். கண்ணாடி போலத் தெளிவாக இருக்காது, லேசாகப் பால் படிந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். உள்ளே ஓட்டைகள் போட்ட ஒரு தட்டு, நான்கு கால்களில் ஒரு விரல் தடிமன் உயரத்தில் நிற்கிறது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம். மூடியின் நடுவில் தள்ளித் திறக்கும் சின்ன காற்றுத்துளை. கூடவே ஒரு சின்னப் பொட்டலம் வருகிறது, மூடியின் உள்பக்கம் செருகிக்கொள்ள. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இந்த நான்கில் காசுக்கு உண்மையில் ஈடாக இருப்பது வடிதட்டு. ஏன் என்று புரிந்தால் டப்பாவைச் சரியாகப் பயன்படுத்துவதும் தானாக வந்துவிடும். பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. வேர் இல்லாததால் போன நீர் திரும்பி வராது. ஃப்ரிட்ஜின் காற்றோ வறண்ட காற்று. அதில் உள்ள ஈரம் குளிர்ச் சுருளில் போய்ப் படிந்துவிடுகிறது. அதனால் திறந்தபடி வைத்த கொத்தமல்லி ஒரே இரவில் தொங்கிப்போகிறது. சரி, மூடி வைக்கலாம் என்றால் வேறு சிக்கல். இலை விட்ட ஆவி மூடியிலும் சுவரிலும் துளியாக மாறி, கீழே இறங்கி, அடியில் தேங்குகிறது. அந்த நீரில் கிடக்கும் இலை கறுத்து, வழவழப்பாகி, பக்கத்து இலையையும் கெடுக்கிறது. ஆக இலைக்கு வேண்டியது ஈரமான காற்று; ஆகாதது மேலே ஒட்டும் நீர். இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் வடிதட்டின் வேலை. அதை நன்றாகவே செய்கிறது.

ஒரு குறை: மூடியில் படியும் துளிகள் நேராக இலைமேல்தான் விழுகின்றன. வடிதட்டால் அதைத் தடுக்க முடியாது. இலைகளுக்கு மேலே உலர்ந்த பருத்தித் துணி ஒன்றை மடித்துப் போட்டால் போதும், துளியை அது வாங்கிக்கொள்ளும். துணி நனைந்தால் மாற்றிவிடுங்கள். இதைப் பற்றி டப்பாவோடு வரும் தாளில் ஒரு வரி கூட இல்லை. துணி இல்லாமல் வைத்த கொத்தமல்லிக்கும் துணியோடு வைத்ததற்கும் சில நாளிலேயே வித்தியாசம் தெரிகிறது. துணியோடு வைத்தது இரண்டு வாரம் வரைக்கும் பச்சையாகவே இருந்தது.

ஆனால் டப்பாவுக்குப் போகும் முன்னால் நடப்பதுதான் பெரிய விஷயம். இதை எந்த டப்பாவும் சரிசெய்ய முடியாது. காலையில், வெயில் ஏறும் முன் பறித்த காயும், மதியம் பறித்த காயும் ஒன்றல்ல. மதியம் பறித்தது வெயிலின் சூட்டையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் காய்கறியின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும். சுவாசம் கூடினால் சேர்த்து வைத்த சர்க்கரை கரைகிறது, நீர் போகிறது, வயது கூடுகிறது. அந்தச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் கொஞ்ச நேரத்தில் உள்ளே புகைமூட்டம் போல ஆவி படிந்துவிடும்.

அதனால் நான் காலையில் பறிக்கிறேன், பனி காய்ந்த பிறகு, வெயில் உறைக்கும் முன். கூடையை நிழலில் வைத்து, உடனே பிரிக்கிறேன். இலைகளின் கட்டை அவிழ்த்து, மஞ்சள் ஏறியது, கிழிந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். இதில் சோம்பல் பட்டால் ஒரு கெட்ட இலை முழு டப்பாவையும் கொண்டுபோய்விடும். பீட்ரூட், முள்ளங்கி, கேரட் இருந்தால் தழையைக் காய்க்கு மேலே கொஞ்சம் காம்பு விட்டு நறுக்கிவிடுவேன். தழையை விட்டு வைத்தால் அது கிழங்கிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், கிழங்கு தளர்ந்துவிடும். நறுக்கிய தழையைத் தூக்கிப் போடாதீர்கள், பீட்ரூட் தழையும் முள்ளங்கித் தழையும் நல்ல கீரை. தனி டப்பாவில் போடுங்கள்.

கழுவுவதா வேண்டாமா என்பதில் என் கருத்து இதுதான்: நன்றாக உலர்த்த வழி இருந்தால் இலைகளைக் கழுவலாம், இல்லாவிட்டால் சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். மண் ஒட்டிய கீரையைக் குளிர்ந்த நீரில் அலசினால் வெயிலின் சூடும் சேர்ந்து இறங்கும், அது நல்லது. ஆனால் அப்புறம் நீர் சொட்டச் சொட்ட டப்பாவில் போட்டால் மேலே சொன்ன வடிதட்டுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். கைப்பிடியைச் சுற்றி நீரைப் பிரிக்கும் கூடை என்னிடம் இருக்கிறது. அதில் சுற்றி, துணியில் பரப்பி, இலையைத் தொட்டால் கையில் ஈரம் படாத அளவுக்கு உலர்த்திவிட்டுத்தான் டப்பாவில் வைக்கிறேன். பீன்ஸ், வெண்டை, குடமிளகாய், கத்தரி போன்றவற்றை வைக்கும் முன் கழுவுவதே இல்லை.

இலைகள் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் டப்பா உண்மையில் ஜெயிக்கிறது. கொத்தமல்லி, பார்ஸ்லி, புதினா, வெங்காயத்தாள், லெட்யூஸ், கீரை எல்லாமே குளிரை விரும்புபவை. உறைநிலைக்குச் சற்று மேலே வைத்தால் மிக நல்லது. வீட்டு ஃப்ரிட்ஜின் 4 டிகிரி போதும். இவற்றுக்குக் காற்றுத்துளையை மூடி வைக்க வேண்டும். பெரிய டப்பாவில் கீரை, நடுத்தரத்தில் கொத்தமல்லியும் பார்ஸ்லியும், சின்னதில் புதினா. வாசனை கலப்பதால் புதினாவைத் தனியாக வைப்பதே நல்லது. திணிக்கக் கூடாது, முக்கால் அளவுக்கு மேல் நிரப்பினால் நடுவில் காற்றுப் போகாமல் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.

கொத்தமல்லியைத் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் பூங்கொத்து மாதிரி நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால், தண்ணீரை அடிக்கடி மாற்றினால் அதுவும் டப்பாவுக்குக் குறையாமல் வைத்திருக்கிறது. டம்ளர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் உயரமான தட்டு வேண்டும், யாராவது அவசரமாகக் கை விட்டால் சாய்ந்துவிடும். ஒரு கட்டு கொத்தமல்லி மட்டும் வைப்பவருக்கு டம்ளர் போதும், டப்பா வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து கூடைகூடையாக வருபவருக்கு டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வசதி.

லேசாக வாடிய இலையை டப்பா உயிர்ப்பிக்காது. அதற்குக் குளிர்ந்த நீரில் ஒரு கால் மணி, அரை மணி நேரம் முக்கி வைக்க வேண்டும். நிமிர்ந்ததும் உலர்த்தி டப்பாவில் போடலாம்.

ரோஸ்மேரி, தைம் போன்ற கெட்டியான குச்சி மூலிகைகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். லேசாக நனைத்துப் பிழிந்த துணியில் சுருட்டி, துளையைத் திறந்து வைத்தால் போதும்.

பேசில் தனிக் கதை. அட்டையில் படம் போட்டு வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்து எத்தனை பேர் பேசிலை ஃப்ரிட்ஜில் வைத்துக் கறுக்க விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பேசிலுக்கு 12 டிகிரிக்குக் கீழே குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரிரு நாளில் இலையில் கரும்புள்ளி வந்து, பிறகு முழு இலையும் கறுத்துவிடும். காம்பைச் சாய்வாக நறுக்கி, தண்ணீரில் நிறுத்தி, நேர் வெயில் படாத சமையலறை மேடையில் வையுங்கள். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். சில நாள் விட்டால் தண்ணீருக்குள் வேரே விடும். அதை எடுத்து மண்ணில் நட்டுக்கொள்ளலாம்.

என் தங்கை வந்திருந்தபோது டப்பாவைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதில் தக்காளி எத்தனை நாள் நிற்கும்?” என்று கேட்டாள்.

“தக்காளிக்கு இது வேண்டாம்மா. வெளியிலேயே வை,” என்றேன்.

“கெட்டுப்போகாதா?”

“பழுக்கும். பழுத்ததும் சாப்பிட்டுவிடு.”

அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தக்காளியின் ருசியில் பெரும்பங்கு வாசனைதான். அந்த வாசனைப் பொருட்களைத் தக்காளி பழுக்கும்போது தானே செய்துகொள்கிறது. குளிர் 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் அந்த வேலை தடைபடுகிறது. 2016ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்துப் பார்த்தார்கள். வாசனையை உண்டாக்கும் மரபணுக்கள் பலவற்றின் செயல்பாடு குறைந்திருந்தது. வெளியே எடுத்து ஒரு நாள் வைத்த பிறகும் இழந்த வாசனை முழுதாகத் திரும்பவில்லை. சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருந்தன, ஆனால் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் தக்காளி பார்க்க நன்றாக இருந்தும் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம். தோட்டத்தில் தண்ணீர் விட்டு, பூச்சி பார்த்து, காத்திருந்து பழுக்கவைத்த பழத்தின் வாசனையைக் கடைசியில் ஃப்ரிட்ஜில் தொலைக்க எனக்கு மனம் வராது.

தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், தட்டில் பரப்பி வைக்கிறேன். நீர் பெரும்பாலும் காம்பு இருந்த இடம் வழியாகத்தான் போகிறது. மிகப் பழுத்து இன்றே கெட்டுவிடும் என்றால் ஓரிரு நாள் ஃப்ரிட்ஜில் வைப்பதில் தவறில்லை. சாப்பிடும் முன் வெளியே எடுத்துக் குளிர் போகவிடுங்கள். நறுக்கிய தக்காளி மட்டும் வெளியில் இருக்கக் கூடாது. வெட்டிய பிறகு கிருமி வளர வசதியாகிவிடும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

வெள்ளரிக்கும் 10 டிகிரிக்குக் கீழே நெடுநாள் ஆகாது. இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் தோலில் குழி விழுந்து, நீர்கோத்த மாதிரி ஆகி, வெளியே எடுத்ததும் விரைவாக அழுகும். கத்தரிக்காயும் அப்படியே, குளிரில் தோல் பழுப்பாகும், நறுக்கினால் உள்ளே விதைகள் கறுத்திருக்கும். வெண்டைக்கு 7 முதல் 10 டிகிரி ஏற்றது. வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த வெப்பம் கிடைப்பது கஷ்டம் என்பதால் வெள்ளரி, கத்தரி, வெண்டை மூன்றையும் ஓரிரு நாளில் சமைத்துவிடுவதுதான் என் வழி. வைத்தே ஆக வேண்டும் என்றால் ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் அல்லது குளிர் குறைந்த தட்டில், உலர்ந்த துணி சுற்றி வைக்கலாம். வெண்டையில் ஈரம் பட்டால் அன்றே கறை பிடித்து வழவழப்பாகும். இதற்கு மூடிய டப்பா எதிரி. துளையைத் திறந்து வைத்தாலும் எனக்குத் திருப்தி இல்லை.

பீன்ஸ், குடமிளகாய், சுக்கினி இவற்றுக்குத் துளையைத் திறந்த டப்பா நன்றாகப் பொருந்துகிறது. பீன்ஸுக்கு 5 முதல் 7 டிகிரி சரி, அதற்குக் கீழே நெடுநாள் இருந்தால் துருப் பிடித்த மாதிரிக் கோடுகள் வரும். ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே குளிர் அதிகம், சில சமயம் உறைந்தே போகும். ஒரு சின்ன வெப்பமானியை ஃப்ரிட்ஜின் ஒவ்வொரு தட்டிலும் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். எந்தத் தட்டில் எதை வைப்பது என்பதை டப்பாவின் கையேட்டைவிட அது தெளிவாகச் சொல்லும். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் என் வீட்டில் நல்ல வித்தியாசம் இருந்தது.

உங்கள் ஃப்ரிட்ஜின் கீழே இருக்கும் காய்கறி இழுப்பறையில் தள்ளும் பொத்தான் ஒன்று இருந்தால், அதுவும் இந்த டப்பாவின் காற்றுத்துளையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மூடினால் ஈரம் உள்ளே தங்கும், திறந்தால் வெளியேறும். நல்ல இழுப்பறை இருப்பவர்கள் அதையே இலைகளுக்கென ஒதுக்கி, அடியில் துணி விரித்து வைத்தால், டப்பா வாங்காமலேயே பெரும்பங்கு பலன் கிடைக்கும். விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அந்தப் பொட்டலம். உள்ளே இருப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய குறுமணிகள். பழங்கள் விடும் எத்திலீன் வாயுவை அது சிதைத்துவிடும். ஊதா நிறத்தில் இருப்பது வேலை செய்யச் செய்யப் பழுப்பாகிவிடும். பழுப்பானால் முடிந்தது என்று அர்த்தம். எத்திலீன் என்பது செடிகளே உண்டாக்கும் வாயு; காய்களைப் பழுக்கவைப்பதும் இலைகளைச் சீக்கிரம் முதிரவைப்பதும் அதுதான். அந்தக் காலத்தில் விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவில் இருந்த எத்திலீன்தான் ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்கிறது என்று ரஷ்யாவின் நெல்யுபோவ் 1901ல் கண்டார். பழமே அதைத் தயாரிக்கிறது என்பதை 1934ல் கேன் என்ற ஆராய்ச்சியாளர் ஆப்பிளை வைத்து நிரூபித்தார். ஆக விஞ்ஞானம் உண்மை. பெரிய குளிர்பதனக் கிடங்குகளிலும் எத்திலீனை நீக்குகிறார்கள்.

ஆனால் வீட்டு டப்பாவில் அதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது? கொத்தமல்லியும் லெட்யூஸும் தாங்களாக விடும் எத்திலீன் மிகக் குறைவு. அவை பாதிக்கப்படுவது ஆப்பிள், முலாம்பழம், பழுத்த தக்காளி போன்றவை பக்கத்தில் இருக்கும்போதுதான். லெட்யூஸில் பழுப்புப் புள்ளி வரும், பார்ஸ்லியும் வெள்ளரியும் மஞ்சளாகும். இவற்றைப் பழங்களோடு சேர்த்து வைக்காமல் இருந்தாலே விஷயம் முடிந்தது. பொட்டலத்தோடும் இல்லாமலும் வைத்த கொத்தமல்லிக்கு நடுவில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தீர்ந்த பிறகு புதுப் பொட்டலம் வாங்கவும் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பொட்டலம் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது வாயில் படக் கூடாத ரசாயனம்.

மக்காச்சோளக் கதிருக்கு எந்த டப்பாவும் வேண்டாம், அவசரம்தான் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் கதிரின் சர்க்கரையில் 60 சதவீதம் வரை ஒரே நாளில் போய்விடும். 0 டிகிரியில் அதே ஒரு நாளில் போவது சுமார் 6 சதவீதம். தோலை உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து, முடிந்தால் பறித்த அன்றே வேகவையுங்கள்.

வெங்காயமும் பூண்டும் இந்தப் பக்கமே வரக் கூடாது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் கழுத்து காயும் வரை உலர்த்தி, வலைப்பையில் தொங்கவிட வேண்டும். மூடிய ஈர டப்பாவில் முளைவிடும், பூஞ்சை பிடிக்கும்.

டப்பா எவ்வளவு நன்றாக இருந்தாலும் கோடை அறுவடை அதைத் தாண்டிவிடும். மிஞ்சியதற்கு ஃப்ரீசர்தான். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த டப்பாவை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பாலிபுரோப்பிலீன் உறைநிலைக்குக் கீழே விறைத்து எளிதில் உடையும். எடுக்கும்போது கைதவறினால் விரிசல் விடும். ஃப்ரீசருக்குத் தடித்த பைகள்தான் சரி. காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாக வைத்தால் விரைவாக உறையும், இடமும் குறைவாகப் பிடிக்கும்.

காய்களை அப்படியே உறையவைத்தால் அவற்றின் என்சைம்கள் குளிரிலும் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். சில வாரங்களில் நிறமும் ருசியும் மங்கும். அதனால் முதலில் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். பீன்ஸுக்கு 3 நிமிடம். சின்ன வெண்டைக்கு 3, பெரியதற்கு 4. சோளத்தை முழுக் கதிராக 4 நிமிடம் வேகவிட்டு, ஆறியபின் மணிகளைச் சீவிக்கொள்ளலாம். தண்ணீர் தாராளமாக வேண்டும், அரைக் கிலோ காய்க்கு நாலு லிட்டர். காயைப் போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வர வேண்டும், வராவிட்டால் காய் அதிகம் என்று பொருள். எடுத்ததும் ஐஸ் நீரில் அதே அளவு நேரம். அப்புறம் நன்றாக வடித்து, துடைத்து, தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போடுங்கள். ஒட்டிக்கொள்ளாது, வேண்டியதை மட்டும் எடுக்கலாம். வடிப்பதற்கு என் பெரிய டப்பாவின் வடிதட்டைத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஆறிய காய்க்கு அது அளவாக இருக்கிறது.

குடமிளகாய்க்கு இந்தக் கொதிநீர் வேலை தேவையில்லை, நறுக்கி நேராக உறையவைக்கலாம். தக்காளியும் அப்படித்தான், முழுசாகவே. உறைந்த தக்காளியைக் குழாய் நீரில் காட்டினால் தோல் கையோடு வந்துவிடும். கரைந்தபின் கொழகொழவென்று இருக்கும், பச்சையாகச் சாப்பிட உதவாது, சமைக்க மிக நன்றாக இருக்கும். குளிர்ப்பெட்டி தக்காளியின் வாசனையைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டு உறையவைக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். பழுத்த அன்றே உறையவைத்து, அடுப்பில் வைத்து வற்றவிடும் தக்காளியில் எனக்குக் குறை தெரிந்ததில்லை. பச்சையாகச் சாப்பிடும் தக்காளிதான் என் கவலை.

மென்மையான இலைகளைக் காயவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொத்தமல்லியைக் காயவைத்தால் வாசனை பெரும்பாலும் போய்விடுகிறது. பேசிலும் குறைந்துவிடும். அவற்றைப் பொடியாக நறுக்கி, எண்ணெயோ தண்ணீரோ கொஞ்சம் சேர்த்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுகிறேன். சமைக்கும்போது ஒரு கட்டியைப் போட்டால் போதும். புதினா, தைம், ஓரிகானோ, ரோஸ்மேரி காய்வதற்கு ஏற்றவை. 35 முதல் 40 டிகிரிக்கு மேல் போகாமல், நிழலில், நொறுங்கும் வரை. வெயிலில் போட்டால் நிறமும் வாசனையும் சேர்ந்து போகும். சமையலில் மூன்று பங்கு பச்சை இலைக்கு ஒரு பங்கு காய்ந்தது என்று போடலாம்.

எண்ணெயில் போட்ட இலையை, குறிப்பாகப் பூண்டு சேர்த்ததை, மேடையில் வைக்கவே வைக்காதீர்கள். மண்ணில் இருக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இலையிலும் பூண்டிலும் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படாத எண்ணெய்க்குள், சாதாரண வெப்பத்தில் அவை வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். மணத்திலோ நிறத்திலோ எதுவும் காட்டிக்கொடுக்காது. எண்ணெய்க் கலவை என்றால் உடனே ஃப்ரீசர். ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

டப்பாவைக் கழுவுவதில் ஒரு தொல்லை. காற்றுத்துளையின் தள்ளும் பகுதி கழன்று வருவதில்லை. அதன் அடியில் அழுக்குப் படிந்து வழவழப்பாகிறது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போகும், ஆனால் வாராவாரம் தேய்க்க வேண்டும். முந்தைய கட்டின் அழுகல் அங்கே இருந்தால் புதுக் கட்டுக்கும் போகும், அதனால் இது சின்ன விஷயமில்லை. ரப்பர் வளையம் கழன்று வருகிறது, அது நல்லது. மூடிகள் மூன்றும் வேறு வேறு அளவு, மாற்றிப் போட முடியாது. மாற்று வளையம் தனியாகத் தருவார்களா என்று விற்றவர்களிடம் கேட்டேன், தருவதில்லை என்றார்கள். வளையம் தளர்ந்தால் டப்பாவில் ஈரம் தங்காது, பிறகு இலைகளுக்கு அதனால் பயனில்லை. நல்ல வடிதட்டுள்ள டப்பாவை வளையத்துக்காகத் தூக்கிப் போட வேண்டிவருவது எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்குவதாக இருந்தால் செட்டாக வேண்டாம், பெரியதையும் நடுத்தரத்தையும் தனித்தனியாக வாங்குங்கள். சின்ன டப்பாவில் வடிதட்டு போக மிஞ்சும் உயரம் மிகக் குறைவு, ஒரு பிடி புதினாவுக்கு மேல் பிடிக்காது. கடையில் மூடியைத் திறந்து தட்டின் கால்களைப் பாருங்கள். விரல் தடிமன் உயரமாவது இருக்க வேண்டும். சில டப்பாக்களில் தட்டு தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, அவற்றில் நீர் மேலேறி இலையைத் தொட்டுவிடும். துளை மூடி கழன்று வரும் மாதிரி கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.